மூணு கதவு காரும் எங்க அப்பாயியும்

போன வாரம் காரைக்கால் பீச்சுல உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஃபைனல் இயர் படிக்கிற தம்பி ஒருத்தர் வந்து பக்கத்துல உட்கார்ந்தார். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைச்சாச்சு. ஜாயினிங் தேதியும் வந்தாச்சு. முதல் சம்பளம்தான் இன்னும் வரலை. ஆனா என்ன கார் வாங்கறதுன்னு முடிவாகிடுச்சு! செல்லை எடுத்து நீட்டினார். செக்கச் செவேல்னு ஒரு வண்டி. நீளமான மூக்கு, சரிஞ்சு இறங்குற முதுகு. பக்கத்துக்கு ஒரு கதவு, பின்னாடி மேலே தூக்குற டிக்கிக் கதவு. ஆக மொத்தம் மூணு.

"எப்படிண்ணே இருக்கு?"

"சூப்பரா இருக்கு தம்பி."

"வீட்டுலதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. 'இது குடும்பத்துக்கு ஆகாது'ங்கறாரு அப்பா. பின்னாடியும் ரெண்டு சீட்டு இருக்குண்ணே! நாலு பேர் தாராளமா போகலாம். நீங்க பத்திரிகையில எழுதுங்கண்ணே, அப்பாகிட்ட காட்டறேன்."

எழுதறேன்னு சொல்லிட்டேன். ஆனா தம்பி, இதை அப்பாகிட்ட காட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. ஏன்னா, இதே கேஸ் எங்க வீட்டுல நடந்து முடிஞ்சு, தீர்ப்பும் வந்தாச்சு.

முதல்ல பேரைப் பார்த்துடுவோம். இந்த மாதிரி வண்டிக்கு 'கூப்பே'ன்னு பேரு. பிரெஞ்சு வார்த்தை. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊர்ல இருந்துக்கிட்டு இதுக்கு அர்த்தம் தெரியலைன்னா அசிங்கம் இல்லையா? எங்க தெருவுல பிரெஞ்சு பென்ஷன் வாங்கற தாத்தா ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கேட்டேன். வெத்தலையைக் குதப்பிக்கிட்டே, "வெட்டுனதுன்னு அர்த்தம்டா" என்றார். அம்புட்டுதான்! குதிரை வண்டிக் காலத்தில் எதிரும் புதிருமா ரெண்டு வரிசை சீட்டு இருக்கிற பெரிய கோச் வண்டியில், ஒரு வரிசையை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பேர் மட்டும் உட்கார்ற மாதிரி சின்னதா செஞ்ச வண்டிக்கு வந்த பேர் அது. நம்ம ரயில்வேயிலும் இதே வார்த்தை இருக்கு. ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் நாலு பெர்த் இருந்தா கேபின், ரெண்டே பெர்த் இருந்தா கூப்பே. புதுசா கல்யாணம் ஆனவங்க அது கிடைக்கணும்னு சாமி கும்பிடுவாங்க.

ஆக, பிறந்தப்பவே அது ரெண்டு பேருக்கான சமாசாரம். பின்னாடி இருந்தவங்களை வெட்டி விட்டதுதான் அதோட அடையாளமே. இதை மனசுல வெச்சுக்குங்க, அடுத்து எங்க அண்ணன் கதைக்குப் போவோம்.

அண்ணன்னா பெரியப்பா பையன். காரைக்கால் டவுன்ல இருக்கான். அண்ணி, ரெண்டு வயசுப் பொண்ணு, பெரியப்பா, பெரியம்மா. அப்பாயி கொஞ்ச தூரத்துல டி.ஆர்.பட்டினத்துல, பழைய ஓட்டு வீட்டுல. "என் வீட்டை விட்டு எங்கயும் வர மாட்டேன், ஆனா எங்க போனாலும் என்னைக் கூட்டிட்டுப் போங்க"ங்கறதுதான் எழுபத்தெட்டு வயசுல அவங்க கொள்கை. சனிக்கிழமைன்னா திருநள்ளாறு. கல்யாணம்னா மாயவரம், கும்பகோணம். கண் காட்டணும்னா தஞ்சாவூர். எல்லாத்துக்கும் பெரியப்பாவோட பழைய கார்தான். நாலு கதவு, அஞ்சு சீட்டு, ஏறுறது ஏழு பேர்.

அந்தக் கார் கடைசி மூச்சை விட்டப்போ, அண்ணன் யார்கிட்டயும் சொல்லாம சென்னைக்குப் போய் ஒரு வண்டியைப் பிடிச்சுட்டு வந்தான். செகண்ட் ஹேண்ட், வெளிநாட்டு மாடல், மூணு கதவு. கம்பெனி பேர் வேண்டாம். தப்பு வண்டி மேல இல்லை. அது என்ன வேலைக்குச் செஞ்சாங்களோ அந்த வேலையை அருமையா செஞ்சுது. தரங்கம்பாடி ரோட்டுல காலையில அஞ்சரை மணிக்கு அதுல ஒரு ரவுண்டு போயிருக்கேன். கியரை மாத்தினா முதுகை சீட்டோட ஒட்ட வைக்குது. ஸ்டியரிங் நாம நினைக்கறதுக்கு முன்னாடியே திரும்புது. அண்ணன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை அவன் கல்யாணத்துல கூட நான் பார்க்கலை (அண்ணி, மன்னிச்சுக்கங்க).

பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, முதல் ட்ரிப் அப்பாயி வீட்டுக்கு. அவங்களைக் கூட்டிக்கிட்டு திருநள்ளாறு போறதா ப்ளான்.

அப்பாயி வண்டியைச் சுத்தி வந்தாங்க. "ஏன்டா, பின்னாடி எப்படிடா ஏறுறது?"

அண்ணன் பெருமையா ஒரு லீவரை இழுத்தான். முன் சீட்டு முதுகை மடக்கிக்கிட்டு முன்னாடி நகர்ந்துச்சு. ஒரு சந்து தெரிஞ்சுது. அப்பாயி அந்தச் சந்தைப் பார்த்தாங்க. எந்தக் காலை முதல்ல வைக்கறது? வலது காலை வெச்சா உடம்பு திரும்ப மாட்டேங்குது. இடது காலை வெச்சா தலை கூரையில இடிக்குது. தலையைக் குனிஞ்சா முட்டி மடங்க மாட்டேங்குது. தொங்கிக்கிட்டு இருந்த சீட் பெல்ட்டுல புடவைத் தலைப்பு மாட்டிக்கிச்சு. பெரியம்மா பின்னாடி இருந்து தள்ள, அண்ணி உள்ளே இருந்து இழுக்க, ஒரு வழியா உள்ள போய்ச் சேர்ந்தாங்க. தெருவுல நாலு பேர் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. அப்பாயியும் சிரிச்சாங்க.

ஏறுறதை விட இறங்குறதுதான் கொடுமைன்னு திருநள்ளாறுல தெரிஞ்சுது. ஸ்போர்ட்ஸ் வண்டியில சீட்டு தரையோட தரையா இருக்கும். தாழ்வா இருந்தாத்தான் வளைவுல வண்டி சாயாம போகும், அது இன்ஜினியரிங். ஆனா வயசானவங்களுக்கு இடுப்பு முட்டியை விடக் கீழே போயிட்டா, எழுந்திரிக்கத் தொடையில தெம்பு வேணும். அது இருந்தா அவங்க ஏன் கார்ல வர்றாங்க! போதாக்குறைக்கு, ரெண்டு கதவு வண்டியில கதவு ரொம்ப நீளம். முழுசா திறக்கணும்னா பக்கத்துல தாராளமா இடம் வேணும். கோயில் பக்கம் சனிக்கிழமை அன்னிக்கு வண்டி நிறுத்தற இடத்துல அவ்வளவு இடத்துக்கு எங்கே போறது? கதவைப் பாதி திறந்து, பாதி திறந்த கதவுல பாதி மடங்கின சீட்டைத் தாண்டி... சரி, விடுங்க. வெளியே வந்தப்போ அவங்க கண்ணாடி மூக்குல இல்லை, சீட்டுக்கு அடியில இருந்துச்சு.

"அப்பாயியை முன் சீட்டுல உட்கார வெச்சிருக்கலாமே?"ன்னு கேட்பீங்க. அதையும் செஞ்சோம். அடுத்த தடவை அவங்க முன்னாடி, அண்ணியும் குழந்தையும் பின்னாடி. நல்லாத்தான் போச்சு, வண்டி நிக்கற வரைக்கும். வழியில குழந்தை வாந்தி எடுத்துச்சு. குழந்தை வெளியே வரணும்னா அண்ணி வரணும். அண்ணி வரணும்னா அப்பாயி முதல்ல இறங்கணும். பின் சீட்டுக்கு ஜன்னலும் கிடையாது. கண்ணாடி இருக்கு, ஆனா இறங்காது. அன்னிக்கு அப்பாயி அஞ்சு தடவை ஏறி இறங்கினாங்க. எழுபத்தெட்டு வயசுல அவங்களே வண்டிக்குக் கதவாகிட்டாங்க.

அதுக்கு அப்புறம் யாரும் சண்டை போடலை. அண்ணனை யாரும் திட்டலை. அப்பாயி ஒரு குறையும் சொல்லலை. அடுத்த சனிக்கிழமை போன் பண்ணினப்போ, "நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு வீட்டுல வேலை கிடக்கு" என்றார்கள். அதுக்கு அடுத்த வாரம், "வெயிலு ஜாஸ்தியா இருக்கு." ஒரு கல்யாணத்துக்கு, "தெரிஞ்சவங்க யாரும் வர மாட்டாங்க, நான் எதுக்கு?" ஒவ்வொரு தடவையும் நம்பற மாதிரி ஒரு காரணம். நாங்களும் நம்பினோம். வண்டியும் லேசா, வேகமா போச்சு.

எனக்கு உறைச்சது மாங்கனித் திருவிழா அன்னிக்கு. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஆனி மாசப் பௌர்ணமியை ஒட்டி காரைக்கால் அம்மையாருக்கு எடுக்கிற விழா. பிச்சாண்டவர் ஊர்வலம் வரும்போது வீட்டு மாடியில இருந்தெல்லாம் ஜனங்க மாம்பழத்தை வீசுவாங்க. கீழே நிக்கறவங்க பிடிப்பாங்க. எங்க அப்பாயி வருஷா வருஷம் சொந்தக்காரங்க வீட்டு மாடிக்கு வந்து, ஒரு கூடை மாம்பழம் வீசுறவங்க. குறி பார்த்து வீசுவாங்க. என் மூக்கே சாட்சி. அந்த வருஷம் மாடியில அவங்க இல்லை. போன்ல கேட்டேன். "கூட்டத்துல என்னால முடியாதுப்பா"ன்னாங்க. போன வருஷம் இதே கூட்டத்துலதானே வந்தாங்க? வருஷத்துக்கு நடுவுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். எண்ணிப் பார்த்தேன். ஏழு மாசமா அப்பாயி அவங்க தெருவைத் தாண்டலை.

காரைக்கால்ல ஒரு வீட்டுல மட்டும் நடந்த கதை இதுன்னு நினைச்சிடாதீங்க. அறுபது வருஷத்துக்கு முன்னாடி சென்னையில ஒரு கார் கம்பெனிக்கே இந்தப் பாடம் நடந்திருக்கு.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, கண்ணு மின்னும். 1959-ல் பிரிட்டன்ல 'ட்ரையம்ஃப் ஹெரால்டு'ன்னு வந்த வண்டி. டிசைன் பண்ணினவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி, இத்தாலிக்காரர். 1961-ல இருந்து சென்னையில 'ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' கம்பெனி அதைச் செஞ்சுது. 948 சி.சி. இன்ஜின். பானட்டைத் திறந்தா மட்கார்டோட சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னாடி கவிழும். இருபத்தஞ்சு அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். இன்னிக்கு இருக்கிற சின்ன கார்களே அதுகிட்ட தோத்துடும். அன்னிக்கு ரோட்டுல அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, மூணே கார்தான். மத்த ரெண்டும் வீட்டுக்கு அடங்கின பிள்ளை மாதிரி இருக்கும். ஹெரால்டு மட்டும் காலேஜ் ஹீரோ!

ஆனா ஒரு சிக்கல். ஹெரால்டுக்கு ரெண்டே கதவு. பிரிட்டன்ல அது ஒரு விஷயமே இல்லை. மோரிஸ் மைனர், ஃபோர்டு ஆங்லியா, மினின்னு அங்கே நடுத்தரக் குடும்பத்துச் சின்ன வண்டிகள் பலதும் ரெண்டு கதவுதான். அப்பா, அம்மா, பின்னாடி ரெண்டு பசங்க. கதை முடிஞ்சுது. சொல்லப் போனா, பின்னாடி கதவு இல்லாததே நல்லதுன்னு நினைச்ச பெத்தவங்களும் உண்டு. ஓடுற வண்டியில குழந்தை கதவைத் திறந்துடாது பாருங்க!

நம்ம ஊர்ல காரை வாங்கினவர் பின் சீட்டுல உட்கார்றவர். முன்னாடி டிரைவர். பக்கத்துல வீட்டுப் பெரியவர். பின்னாடி பட்டுப் புடவையில மாமியார், மடியில பேரன், காலடியில கூஜா. இவங்க எல்லாரும் அம்பாசடர்லயும் ஃபியட்லயும் கதவைத் திறந்து மரியாதையா இறங்கறப்போ, ஹெரால்டுல மட்டும் சீட்டைத் தாண்டிக் குதிக்கணுமா? 1960-களின் கடைசியில் மார்க் 3 வந்தப்போ சென்னைக்காரங்க அதுக்கு நாலு கதவு வெச்சாங்க. பிறந்த ஊரான பிரிட்டன்ல ஹெரால்டு காருக்குக் கடைசி வரைக்கும் நாலு கதவு வந்ததே இல்லை. அதுக்குப் பின்னாடி 1970-களின் தொடக்கத்தில் வந்த 'ஸ்டாண்டர்டு கஸல்' பிறக்கும்போதே நாலு கதவு. வெள்ளைக்காரன் கொடுத்த டிசைனை வாங்கி, அதில் நம்ம அப்பாயிகளுக்காக ரெண்டு ஓட்டை போட்டவங்க தமிழ்நாட்டு ஆளுங்கன்னு சொல்லிக்கிறதுல எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

அதுக்கு அப்புறமும் கம்பெனிகள் முயற்சி பண்ணிக்கிட்டேதான் இருக்கு. 1991-ல் டாடா சியரா வந்துச்சு. பின்பக்கம் கூரை வரைக்கும் வளைஞ்சு ஏறுற பெரிய கண்ணாடி. இன்னிக்குப் பார்த்தாலும் அழகு. ஆனா பக்கத்துக்கு ஒரு கதவுதான், அந்தப் பெரிய கண்ணாடியும் இறங்காது. ஆசைப்பட்டவங்க ஆயிரம் பேர், வாங்கினவங்க கொஞ்சம். 2025 நவம்பர்ல அதே பேர்ல புது சியரா வந்தப்போ, பழைய கண்ணாடி மாதிரியே தெரியற ஜாடையை வெச்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள பின் கதவுகளையும் வெச்சுட்டாங்க. மஹிந்திரா தார் கதையும் அதேதான். 2020-ல் வந்த புது தார் மூணு கதவோட பசங்க மனசை அள்ளிட்டுப் போச்சு. 2024 ஆகஸ்ட்ல தார் ராக்ஸ்னு பின் கதவு வெச்ச வண்டியையும் கொண்டு வந்தாங்க. 'தார் வேணும், ஆனா வீட்டுல விட மாட்டேங்கறாங்க'ன்னு சொன்னவங்களுக்குப் பதில் அது.

'கூப்பே'ங்கற பேரையே எடுத்துக்குங்களேன். 2024-ல் வந்த டாடா கர்வ், சிட்ரோன் பசால்ட் ரெண்டுக்கும் விளம்பரத்துல கூப்பேன்னுதான் பேரு. ரெண்டுக்கும் பக்கத்துல நாலு கதவு! பசால்ட் நம்ம திருவள்ளூர் ஃபேக்டரியில தயாராகற பிரெஞ்சு வண்டி. தெருக்கோடி தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப வெட்டுனது எதைடா?"ன்னார். என்னத்தைச் சொல்ல!

இங்கே இருந்து பிரான்ஸுக்குப் போய் செட்டில் ஆன சொந்தக்காரங்க நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு இருப்பாங்க. எங்க அத்தை பையன் ஒருத்தன் பாரிஸ் பக்கத்துல இருக்கான். கல்யாணத்துக்கு முன்னாடி மூணு கதவு பெஜோ 206 வெச்சிருந்தான். அங்கே படிக்கிற பசங்க பலருக்கும் முதல் கார் அப்படித்தான். ரெண்டாவது குழந்தை பிறந்த வாரம் அதை வித்துட்டான். இதுல வேடிக்கை, இப்போ அவன் பையன் வளர்ந்து மூணு கதவு கார் வேணும்னு கேட்டாலும் புதுசா கிடைக்கறது கஷ்டம். ரெனோ க்ளியோ 2012-லேயே மூணு கதவு மாடலை விட்டுடுச்சு. ஃபோக்ஸ்வேகன் போலோ 2017-ல், பெஜோ 208 அடுத்து 2019-ல். ஒண்டிக்கட்டைகள் நிறைஞ்ச ஐரோப்பாவிலேயே இந்தக் கதின்னா பார்த்துக்குங்க.

நடுவுல சில பேர் ரெண்டுங்கெட்டானா ஏதாவது செஞ்சு பார்த்தாங்க. ஹூண்டாய் வெலோஸ்டர்னு ஒரு வண்டி, 2011-ல் வந்துச்சு. டிரைவர் பக்கம் ஒரு கதவு, அடுத்த பக்கம் ரெண்டு கதவு. 2007-ல் வந்த மினி க்ளப்மேனுக்கு வலது பக்கம் மட்டும் ஒரு குட்டிக் கதவு. அதை பிரிட்டனுக்கும் அப்படியே அனுப்பினாங்க. பிரிட்டன்ல நம்மை மாதிரியே இடது பக்கம் ஓட்டறவங்க. அப்போ வலது பக்கக் கதவைத் திறந்தா குழந்தை எங்கே இறங்கும்? நடு ரோட்டுல! பிளாட்பாரத்துப் பக்கம் கதவு இல்லை, லாரி வர்ற பக்கம் கதவு. படிச்சவங்க செஞ்ச வேலை.

இன்னொரு டெக்னிக், கதவு வெச்சுட்டு அதை ஒளிச்சு வைக்கிறது. பின் கதவு கைப்பிடியை ஜன்னல் ஓரத்துல கறுப்பா மறைச்சுட்டா, தூரத்துல இருந்து பார்க்க ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தெரியும். நம்ம ஊர்ல செவர்லே பீட் அப்படி வந்துச்சு. 2018 ஸ்விஃப்ட்டும் அப்படித்தான். எத்தனை மாமாக்கள் கைப்பிடியைக் காணோம்னு கதவைத் தடவிக்கிட்டு நின்னாங்கன்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்ல கைப்பிடி பழையபடி கதவுக்கே திரும்பி வந்துடுச்சு.

சரி, பீச் தம்பிக்கு வருவோம். மூணு கதவு கார் குடும்பத்துக்கு ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேர், அப்புறம் தானா ஏறி இறங்கத் தெரிஞ்ச அஞ்சாறு வயசுக் குழந்தை ஒண்ணுன்னா பிரமாதமா ஆகும். அந்த வயசுப் பசங்களுக்கு அந்தச் சந்துக்குள்ள புகுந்து போறது விளையாட்டு. வீட்டுல ஏற்கெனவே ஒரு நாலு கதவு வண்டி இருந்தாலும் கவலை இல்லை. கைக்குழந்தைன்னாதான் வம்பு. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாலு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைங்க சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான தனி சீட்டோ இல்லாம கார்ல வந்தா ஓட்டறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். குழந்தையை மடியில வெச்சுக்கிட்டுப் போற வேலை இனி கிடையாது. அந்தத் தனி சீட்டைப் பின்னாடி மாட்டி, தூங்கற குழந்தையை முன் சீட்டு வழியா வளைஞ்சு உள்ளே வைக்கறதை ஒரு நாளைக்கு நாலு தடவை செஞ்சு பாருங்க. எங்க அண்ணி செஞ்சாங்க. இடுப்புல பெல்ட் போட்டுக்கிட்டு மாவாட்டினாங்க.

இன்னொண்ணு இருக்கு, இதைச் சிரிச்சுக்கிட்டே எழுத முடியலை. நம்ம டெல்டாவுல பாதி ரோடு ஆத்தங்கரையிலயும் வாய்க்கால் ஓரத்திலயும்தான் ஓடுது. வண்டி சறுக்கி உள்ளே இறங்கற செய்தியை மழைக்காலத்துல நாம படிக்காம இல்லை. பின்னாடி கதவு இல்லாத, ஜன்னல் இறங்காத வண்டியில பின் சீட்டுல இருக்கறவங்க வெளியே வரணும்னா, முன்னாடி இருக்கறவங்க நினைவோட இருக்கணும், அவங்க முதல்ல வெளியே வரணும், சீட்டு மடங்கணும். டிக்கி வழியா வரலாம்தான். அது எழுபத்தெட்டு வயசுக்கும் ரெண்டு வயசுக்கும் ஆகிற காரியமா?

அதனால தம்பி, ஷோரூமுக்குப் போறப்போ ஃப்ரெண்ட்ஸை மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. அவங்க பானட்டைத் தட்டிப் பார்த்து 'செம மச்சி'ன்னுதான் சொல்வாங்க. வீட்டுலயே ரொம்ப வயசானவங்க யாரோ, அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. பின் சீட்டுல ஏறச் சொல்லுங்க. இறங்கச் சொல்லுங்க. இன்னொரு தடவை ஏறச் சொல்லுங்க. முதல் தடவை ஆசையில ஏறிடுவாங்க, ரெண்டாவது தடவை அவங்க முகத்தைப் பாருங்க. 'பிடிச்சிருக்கா?'ன்னு மட்டும் கேட்காதீங்க. நீங்க ஆசைப்பட்டு வாங்கற பொருளைப் பிடிக்கலைன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்ல மாட்டாங்க. வீட்டுல வேலை கிடக்குன்னுதான் சொல்வாங்க.

அண்ணன்கிட்ட இந்த ஏழு மாசக் கணக்கை நான் சொன்னப்போ முதல்ல கோபம்தான் வந்துச்சு. "கிழவிக்கு முட்டி வலிடா, அதுக்குக் கார் என்ன பண்ணும்?"னு கத்தினான். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் சாயங்காலம் தனியா டி.ஆர்.பட்டினம் போயிருக்கான். அப்பாயி திண்ணையில உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்களாம். வண்டி சத்தம் கேட்டதும், "நான் வரலப்பா, நீங்க போங்க"ன்னு அவன் எதையும் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னாங்களாம். அதை அவன் என்கிட்ட சொன்னப்போ அவன் குரல் சரியா இல்லை.

இப்போ வீட்டுல பி.ஒய்-02 நம்பரோட ஒரு பழைய நாலு கதவு வண்டி நிக்குது. பத்து வருஷப் பழசு, வெள்ளை கலர், பார்க்க ஒண்ணும் இருக்காது. கொண்டு வந்த அன்னிக்கு அப்பாயி கதவைத் தானே திறந்து, முதல்ல பின்பக்கமா உட்கார்ந்து, அப்புறம் ரெண்டு காலையும் ஒண்ணா உள்ளே தூக்கி வெச்சுக்கிட்டாங்க. அஞ்சு செகண்ட் கூட ஆகலை. கதவைச் சாத்திட்டு, "ஏன்டா, இதுல ஏ.சி. சரியா வரலையே"ன்னாங்க.

சிவப்பு வண்டி போர்வை போர்த்திக்கிட்டு ஷெட்டுல இருக்கு. விக்கறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கறதா அண்ணன் சொல்றான். ஆனா ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தரங்கம்பாடி வரைக்கும் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறான். கேட்டா, ஓட்டாம வெச்சா பேட்டரி இறங்கிடுமாம்.